கதவைச் சாத்திக்கிறான் – கடிதமும் பதிலும்

அக்கா, வணக்கம். நான் மும்பை முலுண்ட்ல இருக்கேன், பேரு போட வேண்டாம். என் பையனுக்கு 14 வயசு. மூணு வயசுல ஆட்டிசம்னு சொன்னாங்க, அன்னிலேர்ந்து ஸ்பீச் தெரபி, ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி)ன்னு ஓடிட்டிருக்கேன். போன வருஷம் வரைக்கும் சொன்ன பேச்சு கேக்கற குழந்தை. இப்ப எல்லாம் தலைகீழ். ரோட்ல கையைப் பிடிச்சா உதர்றான், ரூம் கதவைச் சாத்திக்கிறான், சாப்பிட வான்னா "வேணாம்", குளின்னா "வேணாம்". ஆனா குளிச்சிட்டு துண்டு இல்லாம ஹால்ல வந்து நிப்பான், வீட்ல மாமியார், நாத்தனார் பொண்ணு எல்லாரும் இருக்காங்க. ஒரு மாசமா தன் கன்னத்துல தானே அடிச்சுக்கறான், தடுக்கப் போனப்ப என்னைத் தள்ளிவிட்டு மணிக்கட்டு வீங்கிடுச்சு. ஆட்டிசம் அதிகமாயிடுச்சா? இத்தனை வருஷ தெரபியும் வேஸ்ட்டா? சின்னதுல நீ வேலைக்குப் போனதாலதான் இப்படின்னு மாமியார் சொல்றாங்க. வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்றதில்ல, அதான் ஜாஸ்தி வலிக்குது.

*

அக்கான்னு கூப்பிட்டுட்டீங்க, அந்த உரிமையில எழுதறேன். எனக்கும் வீட்ல ஆட்டிசத்தோட 17 வயசுல ஒரு பையன் இருக்கான்னு படிச்சுட்டுதானே எனக்கு எழுதினீங்க.

உங்க லிஸ்ட்லேர்ந்து கன்னத்துல அடிக்கறதையும் துண்டையும் எடுத்துட்டு, ஆட்டிசம்ங்கற வார்த்தையையும் எடுத்துட்டு, எங்க பில்டிங்ல எட்டாவது படிக்கற எந்தப் பையனோட அம்மாகிட்ட காட்டினாலும், "என் பையனை எப்ப பாத்தீங்க?"ன்னு கேப்பா. கதவைச் சாத்தறான், கையைப் பிடிச்சா உதர்றான், எதுக்கெடுத்தாலும் வேணாங்கறான். அவ பையன் பண்ணா அது வயசு, நம்ம பையன் பண்ணா பிஹேவியர்னு தெரபிஸ்ட் நோட்ல தேதி போட்டு எழுதிக்கறோம். உங்க பையனுக்கு ஆட்டிசம் கூடல, 14 வயசு ஆயிருக்கு, அவ்ளோதான். மீசை மட்டும் வரும், மத்ததெல்லாம் வராதுன்னு நாம எப்படியோ நம்பிட்டிருந்தோம் (நானுந்தான்).

இந்த "வேணாம்" பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லணும். நாம இத்தனை வருஷமா என்ன சொல்லிக்கொடுத்தோம்? உக்காரு, கையைக் கீழ வை, என்னைப் பாரு, செஞ்சா ஒரு ஜெம்ஸ் மிட்டாய். என் பையன் ஒரு ஜெம்ஸுக்கு ஆறு தடவை எழுந்து உக்காருவான், நான் பெருமையா வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்புவேன். அவனுக்கு 13 இருக்கும்போது ஒருநாள் லிஃப்ட்ல யாரோ ஒரு ஆள், முன்னப்பின்ன தெரியாதவர், சும்மா விளையாட்டுக்கு "கையைத் தூக்கு"ன்னாரு, இவன் தூக்கினான், "உக்காரு"ன்னாரு, அந்த அழுக்குத் தரையில உக்காந்துட்டான். அவர் சிரிச்சாரு. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. சரின்னு சொல்ல மட்டும் தெரிஞ்ச குழந்தை யார் சொன்னாலும், எதுக்குச் சொன்னாலும் சரிம்பான், நாம இல்லாத இடத்துலயும். அதனால உங்க பையன் வேணாங்கறான்னு படிச்சதும், உங்க கஷ்டம் புரிஞ்சாலும், உள்ளுக்குள்ள சந்தோஷமாத்தான் இருந்துச்சு. எல்லா வேணாத்தையும் ஒத்துக்க முடியாது, குளிச்சுத்தான் ஆகணும், ஆனா இப்பவா சீரியல் முடிஞ்சாங்கறதை அவன் சொல்லட்டுமே.

கதவும் துண்டும் ஒரே விஷயம்தான். பொறந்ததுலேர்ந்து நாம அவனைக் குளிப்பாட்டி, ஜட்டி மாத்தி, நினைச்ச நேரத்துல கதவைத் தொறந்து உள்ள போயி, அவன் உடம்பு பப்ளிக் பார்க் மாதிரி ஆயிடுச்சு. அவனுக்கு மட்டும் திடீர்னு வெக்கம் எங்கேர்ந்து வரும்? இப்ப அவனே கதவைச் சாத்த ஆரம்பிச்சிருக்கான், அதைப் பிடிச்சுக்கோங்க. வீட்ல எல்லாரும் தட்டிட்டுத்தான் உள்ள போகணும், மாமியாரும்தான். பாத்ரூம் கதவுக்கு உள்பக்கம், அவன் கண் மட்டத்துல, துண்டு கட்டிட்டு நிக்கற ஒரு பையன் படம் ஒட்டுங்க. நான் என் தம்பியை நிக்க வெச்சு போட்டோ எடுத்து ஒட்டினேன், மூணு மாசம் ஆச்சு, ஆனா நின்னுச்சு. தம்பிதான் இன்னும் அந்தப் பாத்ரூம் பக்கம் போக மாட்டேங்கறான்.

கன்னத்துல அடிக்கறது வேற. அதை வயசு மேல போடாதீங்க, என் பங்குக்கு நான் பண்ணின தப்பு அது. போன வருஷம் என் பையன் பத்து நாளா இடது தாடையிலயே குத்திக்கிட்டான், நான் செல்போனைப் பிடுங்கினதுக்குக் கோவம்னு நினைச்சு இன்னும் ரெண்டு நாள் சேத்துப் பிடுங்கினேன். கடைசியில பாத்தா கடவாப்பல் சொத்தை, உள்ள சீழ் கட்டியிருந்துச்சு. வலிக்குதுன்னு சொல்ல அவன்கிட்ட வார்த்தை இல்ல, கைதான் இருந்துச்சு. முதல்ல பல், காது, மலச்சிக்கல் இந்த மூணையும் டாக்டர்கிட்ட பாத்துடுங்க. இன்னொண்ணு, ஆட்டிசம் இருக்கற சில பிள்ளைங்களுக்கு இந்த வயசுலதான் முதமுதலா ஃபிட்ஸ் வரும், அதனால திடீர்னு ஒரே இடத்தைப் பாத்துட்டு நின்னுடறானா, கூப்பிட்டா காதுல விழாத மாதிரி இருக்கானான்னும் கவனிச்சு டாக்டர்கிட்ட சொல்லுங்க. தள்ளறப்ப ஒரு கை தூரம் பின்னால போங்க, பேச்சைக் குறைங்க, அந்த நேரத்துல நாம சொல்ற ஒவ்வொரு வார்த்தையும் அவனுக்கு எரியற கொள்ளியில எண்ணெய்.

ரோட்ல கையை உதர்றான்னீங்கல்ல, எனக்கு அது ரயில்ல நடந்துச்சு. 12 வயசுக்கு மேல ஆம்பளைப் பசங்க லேடீஸ் டப்பாவுல ஏறக் கூடாது, சட்டமே அப்படித்தான். அவன் வளர்ந்ததும் அந்த டப்பா எனக்கும் போச்சு. ஜெனரல்ல ஏற பயம், ஹேண்டிகேப் டப்பாவுல ஏறினா "பாத்தா நல்லாத்தானே இருக்கான்"னு சண்டைக்கு வருவாங்க, மாற்றுத்திறனாளி கார்டை எடுத்து நீட்டணும். இவனுக்கு எங்க ஹார்பர் லைன் லோக்கல் ரயில் ஸ்டேஷன் எல்லாம் மனப்பாடம், பதட்டமானா அனவுன்ஸ்மென்ட் குரல்லயே சொல்லுவான், புடீல் ஸ்டேஷன் (மராத்தியில அடுத்த ஸ்டேஷன்) குர்லா, புடீல் ஸ்டேஷன் சுனாபட்டி. ஒரு ஞாயித்துக்கிழமை மெகா பிளாக், அதாவது தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்தற நாள்னு பாக்காம கிளம்பிட்டேன். குர்லாவுல ரயில் நின்னுடுச்சு, எல்லாரையும் இறங்கச் சொல்லிட்டாங்க, சுனாபட்டி வரவே இல்ல. பிளாட்ஃபாரத்துல படுத்து கத்தறான், ஆறடி இருக்கான், என்னால தூக்க முடியல, சுத்தி நின்னு செல்போன்ல எடுக்கறாங்க, "பாகல் ஹை க்யா" (பைத்தியமா)ங்கறாங்க, நான் அவனை ஓங்கி ஒரு அறை விட்டுட்டேன். அதை இங்க இதுவரைக்கும் எழுதினதில்ல. வடா பாவ் விக்கற ஒரு பெரியவர்தான் வந்து ஒண்ணும் பேசாம கூட்டத்துக்கும் எங்களுக்கும் நடுவுல முதுகைக் காட்டிக்கிட்டு நின்னாரு, இருபது நிமிஷம் இருக்கும். அப்பறம் இவனா எழுந்து சுனாபட்டியிலேர்ந்து கடைசி ஸ்டேஷன் சி.எஸ்.எம்.டி. வரைக்கும் ஒண்ணு விடாம சொல்லி முடிச்சுட்டுத்தான் நகர்ந்தான்.

மாமியார் விஷயம். அவங்க சொல்றதை ஒரு காலத்துல அமெரிக்காவுல பெரிய பெரிய டாக்டர்களே சொன்னாங்க. 1943ல லியோ கானர்ங்கற குழந்தைங்க மனநல டாக்டர் ஆட்டிசத்தைப் பத்தி விளக்கமா எழுதினப்பவே பெத்தவங்க பாசம் காட்டாதவங்கங்கற மாதிரி ஒரு வரி வந்துடுச்சு, அதுலேர்ந்து "ஃப்ரிட்ஜ் அம்மா"ன்னு பேரே வெச்சு ஒரு தலைமுறை தாய்மாரை அழ வெச்சாங்க. பெர்னார்ட் ரிம்லேண்ட்னு ஒருத்தர், சைக்காலஜிஸ்ட், அவர் பையனுக்கும் ஆட்டிசம், அதெல்லாம் இல்ல, இது மூளை சம்பந்தப்பட்டதுன்னு 1964ல புத்தகமே போட்டாரு, அதுக்கு முன்னுரை எழுதினது அதே கானர். அறுபது வருஷம் முன்னாடி முடிஞ்சுபோன வழக்கு இது. மாமியார்கிட்ட இதெல்லாம் சொல்லிட்டிருக்காதீங்க, பிரயோஜனமில்ல. வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க. சொல்லிட்டு அவர் கையில ரேஸரைக் கொடுங்க, பையனுக்கு ஷேவ் பண்ணச் சொல்லிக்கொடுக்கறது அவர் வேலை. சும்மா இருக்கற ஆம்பளைங்களுக்கு நிறைய பேருக்கு என்ன செய்யறதுன்னு தெரியாம சும்மா இருக்கறதுதான், உங்களவர் எந்த ரகம்னு உங்களுக்குத்தான் தெரியும்.

பேப்பர் வேலையும் இருக்கு. யு.டி.ஐ.டி. கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) இல்லன்னா இப்பவே அப்ளை பண்ணுங்க, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல ஆட்டிசமும் இருக்கு, பல சலுகைக்குக் குறைபாடு குறைஞ்சது 40 சதவீதம்னு சர்ட்டிஃபிகேட்ல இருக்கணும். 18 முடிஞ்சா அம்மா அப்பாவே ஆனாலும் சட்டப்படி தானா கார்டியன் கிடையாது, தேவைப்பட்டா ஆட்டிசம் மாதிரி குறைபாடு இருக்கறவங்களுக்கான நேஷனல் டிரஸ்ட் சட்டத்துல கலெக்டர் தலைமையில இருக்கற கமிட்டியில கேக்கணும். நாலு வருஷம் இருக்கு, ஆனா அலையறதுக்கு அதுவே பத்தாது.

பல் டாக்டரைப் பாத்துட்டு என்ன சொன்னாருன்னு எழுதுங்க. அப்பறம் ஒருநாள் அவனைக் கூட்டிட்டு செம்பூர் வாங்க, அட்ரஸ் மெயில்ல அனுப்பறேன். ரெண்டு பேரும் பேசிக்க மாட்டானுங்க, இவன் ரூம்ல போய்க் கதவைச் சாத்திக்குவான், நாம ஹால்ல உக்காந்து காபி குடிக்கலாம். குர்லாவுல மாறணும், அதனால ஞாயித்துக்கிழமை மட்டும் வேணாம்.