முதலில் இடம், அப்புறம் விலங்கு: வண்ணம் தீட்டியே வாழிடம் சொல்லிக்கொடுக்க

கேள்வி: என் மகளுக்கு நாலரை வயது. விலங்குப் படங்களுக்குக் கலர் அடிப்பதென்றால் அவளுக்கு உயிர். அதை வைத்தே எந்த விலங்கு எங்கே வாழும் என்று சொல்லிக்கொடுக்கலாமே என்று பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிறேன். ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்த தாளைக் கேட்கிறாள். ஒட்டகம் எங்கே இருக்கும் என்றால் ‘பாலைவனம்’ என்று ஒப்பிக்கிறாள். பாலைவனம் எப்படி இருக்கும் என்றால் முழிக்கிறாள். யானைக்குச் சிவப்பு அடிக்கிறாள். திருத்துவதா, விட்டுவிடுவதா என்று தெரியவில்லை. எட்டு வயது அண்ணனும் கூடவே உட்காருகிறான். இருவருக்கும் சேர்த்து இதை எப்படிச் செய்வது?

பதில்: நீங்கள் தேர்ந்தெடுத்த வழி சரியான வழிதான். மாற்ற வேண்டியது தாளை. வழக்கமாகக் கிடைக்கும் படங்களில் வெள்ளைத் தாளின் நடுவே விலங்கு மட்டும் தனியாக நிற்கும். கீழே மணல் இல்லை, பக்கத்தில் புதர் இல்லை, தலைக்கு மேல் வெயில் இல்லை. குழந்தை அடிப்பதெல்லாம் ஒட்டகத்தின் உடம்புக்குத்தான். பாலைவனம் என்பது நீங்கள் வாயால் சொன்ன சொல்லாக மட்டுமே அவளிடம் போய்ச் சேருகிறது. அதனால்தான் அதைத் திருப்பி ஒப்பிக்க முடிகிறது, விவரிக்க முடியவில்லை.

எனவே வரிசையை மாற்றுங்கள். முதலில் இடத்துக்குக் கலர்; விலங்கு கடைசியில். வெற்றுத் தாளில் நடுவே ஒரு கோடு போட்டுக் கொடுத்தால் போதும், மேலே வானம், கீழே தரை. “இந்த இடத்துல ரொம்ப வெயில். மழையே அபூர்வம். தரைக்கு என்ன கலர் குடுப்ப?” என்று கேளுங்கள். அவள் மணலை அடிக்கும்போது அடுத்த கேள்வி: இங்கே நிழல் எங்கே இருக்கும்? தண்ணீர் எங்கே? சாப்பிட என்ன இருக்கும்? அவளே ஒரு முட்செடியை வரைவாள், ஓரத்தில் சின்னதாக நீலத்தில் ஒரு குட்டை வைப்பாள். உணவு, தண்ணீர், ஒதுங்க ஓர் இடம், குட்டி வளர்க்கத் தேவையான பரப்பு. வாழிடம் என்பது இந்த நான்கும்தான், இந்த வயதுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. இடம் தயாரான பிறகு, தனியாக வெட்டி வைத்த ஒட்டகத்தை அவள் கையில் கொடுத்து, எங்கே நிறுத்துவாய் என்று கேளுங்கள். அவள் குட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தினாலும் முட்செடிக்குப் பக்கத்தில் நிறுத்தினாலும் ஏன் என்று கேளுங்கள். பாடம் அந்தப் பதிலில்தான் நடக்கிறது.

ஒட்டகத்தைப் பற்றி ஒரு உட்காரலுக்கு ஒரு விஷயம் போதும். மணற்காற்றில் மூக்குத் துவாரங்களை மூடிக்கொள்ளும் என்பதோ, கண்ணிமை மயிர் இரண்டு வரிசையாக இருக்கும் என்பதோ. திமிலில் இருப்பது தண்ணீர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது கொழுப்பு.

இப்போது அந்தச் சிவப்பு யானை. திருத்த வேண்டாம், “இது எந்த ஊர் யானை?” என்று கேளுங்கள். கென்யாவின் சாவோ தேசியப் பூங்காவில் யானைகள் உண்மையிலேயே செங்காவி நிறத்தில் திரிகின்றன. அங்குள்ள மண் சிவப்பு. வெயிலுக்கும் பூச்சிக்கடிக்கும் பாதுகாப்பாக அவை அந்த மண்ணை வாரி மேலே பூசிக்கொள்கின்றன. உங்கள் மகள் சிவப்பை எடுத்த கையோடு தரைக்கும் சிவப்பு அடிக்கச் சொல்லுங்கள். கரிய சேற்றில் புரண்ட யானை எப்படி இருக்கும் என்று இன்னொரு தாளில் அடிக்கட்டும். கற்பனையில் பிறந்த நிறம் அப்படியே பாடமாகிவிடும்.

வண்ணம் தீட்டுவதை நான் இந்த அளவுக்கு நம்புவதற்குக் காரணமும் இதுதான். பல விலங்குகளுக்கு நிறம் அது வாழும் இடத்திலிருந்தே வருகிறது. பூநாரைக் குஞ்சு பிறக்கும்போது சாம்பல் நிறம். உப்புநீர் ஏரிகளில் அது தின்னும் பாசியிலும் சிறு இறால்களிலும் உள்ள நிறமிகள் சேர்ந்து சேர்ந்துதான் இளஞ்சிவப்பாகிறது. பாலூட்டிகளின் ரோமத்தில் பச்சை நிறமி கிடையாது. ஆனால் தென் அமெரிக்க மழைக்காடுகளில் மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கும் ஸ்லாத் என்ற விலங்கின் ரோமத்தில் பாசியே வளர்ந்து அதைப் பச்சையாகக் காட்டுகிறது. பழுப்பு க்ரேயானால் ஸ்லாத்தை அடிக்கச் சொல்லி, அதன் மேலேயே லேசாகப் பச்சையைத் தேய்க்கச் சொல்லுங்கள். அதன் முதுகில் பாசி வளர்வதை அவள் தன் கையாலேயே செய்து பார்த்துவிடுகிறாள்.

“புலி ஆரஞ்சுக் கலர்ல இருந்தா மான் பாத்துடாதா?” என்று அண்ணன் கேட்டாலும் கேட்பான், நல்ல கேள்வி. மானின் கண்ணுக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாது. நமக்குப் பளிச்சென்று தெரியும் ஆரஞ்சு அதற்குப் புல்லின் நிறத்தோடு கலந்துவிடும். உயரமான புல் நடுவே புலியை அடித்தபின், மானின் கண்ணுக்கு இதே காட்சி எப்படித் தெரியும் என்று ஒரே நிறக் குடும்பத்தில் இன்னொரு படம் அடிக்கச் சொல்லுங்கள். எட்டு வயதுக்கு அது சரியான சவால்.

பனிப்பிரதேசத்துக்கு ஒரு முறை இருக்கிறது, அவசியம் செய்து பாருங்கள். வெள்ளைத் தாளில் வெள்ளை க்ரேயானால் நீங்கள் ஒரு பனிக்கரடியை அழுத்தி வரைந்து வைத்துவிடுங்கள். தாளைப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. “இங்க ஒருத்தர் ஒளிஞ்சிருக்கார்” என்று சொல்லி, நீல வாட்டர் கலரைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, அகலமான பிரஷ்ஷால் தாள் முழுக்கப் பூசச் சொல்லுங்கள். மெழுகு பட்ட இடத்தில் தண்ணீர் ஒட்டாது. முதலில் முதுகு, அப்புறம் கால், அப்புறம் காது என்று கரடி மெல்ல வெளியே வரும். வெள்ளைப் பனியில் வெள்ளைக் கரடி எப்படி மறைகிறது என்பதற்கு அதற்குப் பிறகு விளக்கமே வேண்டாம். கடைசியில் மூக்குக்கு மட்டும் கறுப்பு வைக்கட்டும். அந்த ரோமத்துக்கு அடியில் இருக்கும் தோலும் அதே கறுப்புதான் என்று சொல்லுங்கள், நம்பவே மாட்டார்கள்.

ஆழ்கடலுக்கு நீல நிறக் கண்ணாடித்தாள் ஒன்று வேண்டும். வெள்ளைத் தாளில் ஒரு மீனை அழுத்தமான சிவப்பில் அடிக்கச் சொல்லி, அதன் மேல் நீலக் கண்ணாடித்தாளை வையுங்கள். ஒரு மடிப்பு போதாவிட்டால் இரண்டாக மடித்து வையுங்கள். சிவப்பு மீன் கருத்துப்போகும். கடலில் இறங்க இறங்கச் சிவப்பு ஒளிதான் முதலில் மறைகிறது. அதனால் ஆழத்தில் சிவப்பு உயிர்கள் இருட்டோடு இருட்டாகத் தெரிகின்றன. அங்கே ஏன் அத்தனை சிவப்பு இறால்கள் என்று பெரியவன் தானே சொல்லிவிடுவான்.

இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைக்க எனக்கு மிகவும் பிடித்தது இரண்டு நரிகள். ஒருவருக்கு சஹாராவின் ஃபென்னக் நரி, இன்னொருவருக்கு ஆர்க்டிக் நரி. ஃபென்னக் நரியினத்திலேயே மிகச் சிறியது, காது மட்டும் முகத்தைவிடப் பெரிதாக விரிந்திருக்கும். உடம்பின் சூடு அதன் வழியே வெளியேறும். ஆர்க்டிக் நரிக்குக் காது குட்டை, சூடு வெளியே போய்விடக் கூடாது. முதலில் இருவரும் தத்தம் இடத்தை அடிக்கட்டும். பிறகு நரிகளை வரைந்து, காதுகளை அருகருகே வைத்துப் பார்க்கட்டும். உள்ளங்காலைப் பற்றிக் கேளுங்கள்: இரண்டுக்குமே அங்கே ரோமம் உண்டு. ஒன்றுக்குச் சுடும் மணலிலிருந்து காப்பு, மற்றதற்குப் பனியின் குளிரிலிருந்து. ஆர்க்டிக் நரி குளிர்காலத்தில் வெள்ளை, கோடையில் பழுப்பு. எனவே அதற்கு இரண்டு படம், பின்னணியும் இரண்டு.

பிரிண்ட் எடுக்கும் முன் படத்தில் தப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பனிக்கரடியும் பெங்குவினும் ஒரே பனிப்பாறையில் நிற்கும் படங்கள் நிறைய உண்டு. பனிக்கரடி வடதுருவத்துப் பிராணி. பெங்குவின்கள் தென்பாதிக்குரியவை, அதிலும் எல்லாம் பனியில் வாழ்வதில்லை; கலபகஸ் பெங்குவின் பூமத்தியரேகையை ஒட்டியே வாழ்கிறது. அடர்ந்த காட்டுக்குள் சிங்கத்தை வைத்த படங்களும் அப்படித்தான். ஆப்பிரிக்கச் சிங்கம் பெரும்பாலும் திறந்த புல்வெளிக்காரன். அந்தத் தாள்களைத் தூக்கிப் போட வேண்டாம். “இதுல யார் தப்பான வீட்டுல இருக்காங்க?” என்று கேட்டு வெட்டிப் பிரிக்கப் பயன்படுத்துங்கள்.

தூரத்து இடங்களோடு நிறுத்திவிடக் கூடாது. தாளின் மேல் கால்வாசியில் புல், மீதி முழுக்க மண். அந்த மண்ணுக்குள் எறும்புப் புற்றின் அறைகளையும் மண்புழுவையும் அவர்கள் அடிக்கட்டும். மண்புழு தோல் வழியாகத்தான் சுவாசிக்கிறது, தோல் ஈரமாகவே இருக்க வேண்டும். அதனால் அதைச் சுற்றி மண்ணுக்குக் கரும்பழுப்பு, மேலே காய்ந்த மண்ணுக்கு வெளிர்பழுப்பு. இதை வெளியே போய் மண்ணைக் கிளறி நேரில் சரிபார்க்கலாம் என்பது பெரிய வசதி.

பொருள்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உடைந்த குட்டை க்ரேயான்களை எறியாதீர்கள். சின்னக் கைக்கு அவைதான் விரல்நுனியில் பிடிக்கப் பழக்கும். கோட்டுக்கு வெளியே போனால் போகட்டும். விரலால் தட்டினால் நிறம் தானே நிரம்பும் ஆப்களை இதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்: அழுத்துவது, கலப்பது, ஒன்றின் மேல் ஒன்றைத் தேய்ப்பது எதுவும் அதில் இல்லை. நாலரை வயதுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். மீதியை மறுநாள் அதே தாளில் தொடரலாம், இடம் ஒரு நாள், விலங்கு மறுநாள். காடு அழிவதைப் பற்றியும் விலங்குகள் அற்றுப்போவதைப் பற்றியும் சின்னவளிடம் இப்போதே பேச வேண்டாம். அந்த இடங்கள் முதலில் அவளுக்குப் பிடித்துப்போகட்டும். அண்ணன் கேட்டால் அவனிடம் தனியாகச் சொல்லுங்கள்.

மனதில் ஏறியதா என்று பார்க்க, ஃபென்னக் நரியைப் பனித் தாளில் ஒட்டி அவளிடம் காட்டுங்கள். “தப்பு, அது பாலைவனம்” என்று மட்டும் சொன்னால் இன்னும் ஒப்பித்தல்தான். அந்தப் பாலைவனத்தையே இன்னொரு தாளில், இந்த முறை ராத்திரி நேரமாக, மறுபடி அடிக்கவிடுங்கள். “ஐயோ, காது குளிருமே” என்றால் அடுத்த இடத்துக்குப் போகலாம்.