லினக்ஸில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்தாலும் ஏன் சில நாள் பழையபடி சின்னதாகிவிடுகிறது?

வீட்டுப் பெரியவர் ஒருவருக்காக எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன், சில நாள் சரியாக இருக்கிறது, சில நாள் சின்னதாகிவிடுகிறது, கம்ப்யூட்டரே கெட்டுவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். கெடவில்லை. இதே விஷயத்துக்காக என் அப்பா கண் ஆஸ்பத்திரி வரை போய்வந்தார், தப்பு முழுக்க என்னுடையது, அதனால்தான் இதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன்.

அப்பா சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் 30 வருஷம் புரூஃப் பார்த்தவர். அமாவாசை ஒரு நாள் தள்ளி அச்சாகிவிட்டால் எத்தனை ஆயிரம் தாள் குப்பைக்குப் போகும் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பார். கண்தான் அவர் சோறு. அந்தக் கண்ணில் புரை விழுந்து இரண்டுக்கும் ஆபரேஷன் ஆன பிறகு, பேப்பரை விடக் கம்ப்யூட்டரில் செய்தி படிப்பது சுலபமாக இருக்கும் என்று என்னுடைய பழைய டெஸ்க்டாப்பைக் கொண்டுபோய் வைத்தேன். 2 ஜிபி ரேம், 19 அங்குல பழைய மானிட்டர், டெபியன் லினக்ஸ், அதன்மேல் ஐஸ்டபிள்யூஎம் என்ற எடை குறைந்த விண்டோ மேனேஜர். "விண்டோஸ் போட்டிருக்கலாமே" என்று கீழே எழுத வருகிறவர்கள் அந்த 2 ஜிபியை இன்னொரு தடவை படித்துவிட்டு வரவும்.

எழுத்து அளவுக்கு நான் செய்தது ஒரே ஒரு வரி. ஹோம் ஃபோல்டரில் புள்ளி வைத்து ஆரம்பிக்கும் எக்ஸ்ரிசோர்சஸ் ஃபைலில், எக்ஸ்எஃப்டி டிபிஐ என்பதற்கு, அதாவது எழுத்து வரையும்போது ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்று கணக்கு வைப்பதற்கு, 132 என்று எழுதினேன். வழக்கமாக அது 96. அங்குலத்துக்கு 72 பாயிண்ட் என்பது அச்சகத்துக்காரர் அப்பாவுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை; 10 பாயிண்ட் எழுத்து 96-ல் சுமார் 13 பிக்சல் உயரத்துக்கு வரும், 132-ல் 18 பிக்சல். 5 பிக்சல்தானே என்று நினைக்காதீர்கள். 13 பிக்சலில் மூன்று சுழி 'ண'வும் இரண்டு சுழி 'ன'வும் ஒரே கசங்கலாகத் தெரியும், மெய்யெழுத்தின் புள்ளி மேல்கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். 18-ல் அப்பா ஒரு செய்தித் தளத்தின் தலைப்பில் ஒற்றுப்பிழை கண்டுபிடித்து எனக்கு போன் போட்டார். அன்றைக்குத்தான் எனக்கு நிம்மதி.

இரண்டு மாதம் கழித்து வந்த போன் வேறு மாதிரி. "காலையில நல்லாத்தான்டா தெரிஞ்சுது, மத்தியானம் திரும்ப மங்கிடுச்சு." நான் சென்னையில் இருந்தேன், ஆபரேஷன் செய்த கண் என்றதும் எழுத்து அளவெல்லாம் ஞாபகத்துக்கே வரவில்லை, உடனே போய்க் காட்டுங்கள் என்றேன். அம்மா கூட்டிக்கொண்டு போனார்கள். சொட்டு மருந்து விட்டு ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்காரவைத்து, விளக்கு அடித்துப் பார்த்து, கண் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரமும் அதே கதை. இந்த முறை அப்பா ஆஸ்பத்திரி வேண்டாம் என்றார். "வயசாகுதுல்ல" என்று அவர் சொன்ன தொனி எனக்குப் பிடிக்கவில்லை, சனிக்கிழமை பஸ் ஏறிவிட்டேன்.

பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல் பார்த்தேன். ஃபயர்ஃபாக்ஸ் திறந்தார், எழுத்து பெரிதாக இருந்தது. படித்தார், மூடினார். மறுபடி திறக்கப் போகும்போது சுட்டி கொஞ்சம் வழுக்கி, டாஸ்க்பாரில் பக்கத்திலேயே இருக்கும், கட்டளை தட்டுவதற்கான டெர்மினல் ஐகானில் பட்டது. கறுப்புப் பெட்டி வந்தது. "இது ஒண்ணு அப்பப்ப வரும்" என்று மூடினார். பிறகு ஃபயர்ஃபாக்ஸைத் திறந்தார். எழுத்து சின்னது. என் பக்கம் திரும்பி, "உனக்கு எப்படித் தெரியுது?" என்று கேட்டார். எனக்கும் சின்னதாகத்தான் தெரிந்தது!

அந்த டெர்மினல் ஐகான் நான் என் வசதிக்காக மாற்றி வைத்தது. அதைத் தட்டினால் முதலில் என் நிறங்கள் உள்ள ஒரு ஃபைலை எக்ஸ்ஆர்டிபி மூலமாக ஏற்றும் (எக்ஸ்ரிசோர்சஸ் மாதிரி ஃபைல்களை ஏற்றும் கட்டளை அது), பிறகு எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினலைத் திறக்கும். ஏற்றும்போது மெர்ஜ் என்ற ஒரு சொல்லைச் சேர்க்க மறந்திருந்தேன். அந்தச் சொல் இல்லாவிட்டால் எக்ஸ்ஆர்டிபி ஏற்கனவே இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டுப் புதிய ஃபைலில் உள்ளதை மட்டும் வைக்கும். என் பச்சை நிறம் உள்ளே வந்தது, அப்பாவின் 132 வெளியே போனது. ஏற்கனவே திறந்திருக்கும் புரோகிராம்கள் தொடங்கும்போது படித்த மதிப்பை வைத்தே ஓடிக்கொண்டிருக்கும், அதன்பிறகு திறப்பவை மட்டும் 96-க்குப் போய்விடும். அதனால்தான் காலையில் தெளிவு, மத்தியானம் மங்கல்.

ஏன் இப்படி ஒரு ஏற்பாடு என்றால், லினக்ஸில் திரையில் ஜன்னல்களைக் காட்டும் எக்ஸ் என்ற அமைப்பு 1984-ல் அமெரிக்காவின் எம்ஐடியில் பிறந்தபோது புரோகிராம் ஒரு இயந்திரத்தில் ஓடும், திரை வேறொரு மேஜையில் இருக்கும். இன்றும் நாம் பயன்படுத்தும் 11-ஆம் பதிப்பு 1987-ல் வந்தது. எங்கே ஓடும் புரோகிராமாக இருந்தாலும் பயனரின் விருப்பத்தைத் திரை இருக்கும் இடத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று, எக்ஸ்ஆர்டிபி அதை எக்ஸ் சர்வரின் (திரையைக் கவனித்துக்கொள்ளும் புரோகிராம்) ரூட் விண்டோவில், அதாவது எல்லா ஜன்னல்களுக்கும் பின்னால் இருக்கும் ஜன்னலில், ஒரு சீட்டு மாதிரி ஒட்டி வைக்கிறது. சீட்டு ஒன்றுதான். கடைசியாக ஒட்டியவர் எழுதியதே செல்லும்.

நீங்கள் ஏதோ பழைய குறிப்பைப் பார்த்து ஹோம் ஃபோல்டரில் எக்ஸ்டிஃபால்ட்ஸ் என்ற ஃபைலில்தான் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், 'சில நாள்' என்று நீங்கள் சொல்வது அதற்குப் பொருந்துகிறது. ரூட் விண்டோவில் சீட்டு இல்லாதபோதுதான் அந்த ஃபைலைப் படிப்பார்கள். வேறு ஏதாவது ஒரு ஸ்கிரிப்ட் எதையாவது ஏற்றிவிட்டால் உங்கள் ஃபைலை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். எக்ஸ்ரிசோர்சஸுக்கு மாற்றுங்கள். டெபியன் வகையில் டிஸ்ப்ளே மேனேஜர் (பெயர், பாஸ்வேர்டு கேட்கும் லாகின் திரை) வழியாக லாகின் செய்தால் அதைத் தானாகவே மெர்ஜ் செய்து ஏற்றிவிடுவார்கள், ஸ்டார்ட்எக்ஸ் கட்டளை போட்டு, சொந்தமாக எக்ஸ்இனிட்ஆர்சி ஃபைல் வைத்து உள்ளே போகிறவர் என்றால் அந்த ஃபைலில் எக்ஸ்ஆர்டிபி மெர்ஜ் வரியை நீங்களே சேர்க்க வேண்டும். ஃபைலில் குறிப்பு எழுதும்போது வரியின் முதலில் ஆச்சரியக்குறி போடுங்கள், ஹேஷ் போடாதீர்கள். அந்த ஃபைல் சி மொழியின் ப்ரீபிராசசர் (கோடை முன்கூட்டியே பதப்படுத்தும் கருவி) வழியாகப் போகும், ஹேஷைப் பார்த்தால் அது தனக்கான கட்டளை என்று நினைத்துக்கொள்ளும்.

க்னோம் போன்ற முழு டெஸ்க்டாப் என்றால் இதெல்லாம் செல்லாது, அங்கே இதற்கென்றே பின்னணியில் ஓடும் ஒரு டீமன் புரோகிராம் சொல்வதுதான் சட்டம். அதன் செட்டிங்ஸில் மாற்றுங்கள், தானாக நிற்கும். எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலண்டைச் சொல்லி, "வேலண்ட் வந்து எத்தனை வருஷமாகிறது, இன்னும் எக்ஸா" என்று கேட்பவர்களுக்கும் வணக்கம், நீங்கள் சொல்வது சரிதான், கேள்வி எக்ஸைப் பற்றியது.

இன்னொன்று, கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ் சர்வர் சும்மா விட்டால் 600 நொடியில் திரையைக் கறுப்பாக்கிவிடும். பெரியவர்கள் சுட்டியைத் தொடாமல் ஒரே பக்கத்தைப் பத்து நிமிஷம் படிப்பார்கள். அப்பா பலமுறை "கரண்ட் போயிடுச்சு" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார், தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும். எக்ஸ்செட் கட்டளையில் எஸ் ஆஃப் என்றும், மானிட்டரைத் தூங்கவைக்கும் மின்சேமிப்பை நிறுத்தத் தனியாக மைனஸ் டிபிஎம்எஸ் என்றும் கொடுத்தால் நிற்கும். ஆனால் இது சர்வரின் நினைவில் மட்டும் இருப்பது, லாகவுட் செய்தால் போய்விடும். டெபியனில் எக்ஸ்செஷன்ஆர்சி ஃபைலில் எழுதி வைத்தால் ஒவ்வொரு லாகினிலும் திரும்பச் சொல்லிவிடும். எக்ஸ்ராண்டர் கட்டளை வைத்துத் திரை அளவை மாற்றியிருந்தால் அதற்கும் இதே கதிதான்.

எழுத்து அளவைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. கண் ஆபரேஷன் ஆனவருக்குக் கொடுக்கும் சொட்டு மருந்துக் குப்பியைப் பார்த்திருக்கிறீர்களா? கட்டைவிரல் அளவு குப்பி, அதில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து, அதுவும் வெளிர்நீலத்தில் வெள்ளை. எது நாலு வேளை, எது இரண்டு வேளை என்று கண் தெரியாதவர்தான் படிக்க வேண்டும். அம்மா மூடியில் கலர் கலராக நூல் கட்டி வைத்தார்கள். 132 போட அங்கே ஃபைல் எதுவும் இல்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எழுத்து சின்னதாக இருக்கும் நாளில் டெர்மினலில் எக்ஸ்ஆர்டிபி க்யூரி என்று கொடுத்து (சீட்டில் இப்போது என்ன இருக்கிறது என்று காட்டும்), வருவதை அப்படியே இங்கே போடுங்கள். பெரிதாக இருக்கும் நாளிலும் ஒன்று எடுத்துப் போடுங்கள், ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதோடு அந்தக் கம்ப்யூட்டரில் டெர்மினல் ஐகான் எந்த ஐகானுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்றும் சொல்லுங்கள்.