சிற்றலை நிலையத்தில் டிரான்ஸ்மிட்டர் பொருத்த எலெக்ட்ரீஷியன் போகலாமா?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "தொழிற்சாலைகளில் எலெக்ட்ரீஷியனாக வேலை பார்த்தவன் நான். மூன்று ஃபேஸ் பேனல், மோட்டார், கேபிள் எல்லாம் பழக்கம். ஒரு கிறிஸ்தவ சிற்றலை வானொலி நிலையத்தில் பழைய டிரான்ஸ்மிட்டர்களைக் கழற்றிவிட்டு 100 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் இரண்டு பொருத்தப் போகிறார்கள், சில வாரம் வந்து உதவ முடியுமா என்று கேட்கிறார்கள். ரேடியோ பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. போனால் இடைஞ்சலாக இருப்பேனோ?"

இடைஞ்சல் இல்லை, போங்கள். அங்கே நடக்கப்போகும் வேலையில் பெரும்பகுதி ரேடியோ வேலையே இல்லை. பெட்டிகளை இறக்கி மட்டம் பார்த்து நிறுத்த வேண்டும், டிரான்ஸ்ஃபார்மர்களை இடம் சேர்க்க வேண்டும், கேபிள் ட்ரே, காற்றுக் குழாய், குளிர்விக்கும் தண்ணீர்க் குழாய், எர்த்திங் என்று வரிசையாக இருக்கும். ரேடியோ என்ஜினீயர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள், அவர்கள் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தால் ட்யூனிங் யார் செய்வது?

ஆனால் உங்கள் பழக்கத்தில் சிலவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும். முதலாவது, அந்த 100 கிலோவாட். அது கேரியரின், அதாவது ஒலி எதுவும் ஏறாத வெறும் அலையின், அளவு மட்டும்தான். பேச்சும் பாட்டும் அந்த அலையில் ஏறுவதுதான் மாடுலேஷன், அது முழுதாகும்போது வெளியே போகும் பவர் உச்சத்தில் 400 கிலோவாட்டைத் தொடும். முழு மாடுலேஷனில் டோன் (ஒரே சீரான ஒலி) போட்டுச் சோதிக்கும்போது ஒரு டிரான்ஸ்மிட்டரே மெயின்ஸிலிருந்து 200 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும், நிகழ்ச்சி ஓடும்போதோ மோட்டார் மாதிரி சீராக இல்லாமல் ஒலிக்கு ஏற்ப ஏறி இறங்கும். கேபிள், பிரேக்கர், ஜெனரேட்டர் மூன்றையும் இந்தக் கணக்கில் பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள், இதைக் கேட்கத் தகுதியான ஆள் நீங்கள்தான்.

அடுத்து எர்த்திங். நீங்கள் பார்த்த எர்த்திங் 50 அல்லது 60 ஹெர்ட்ஸுக்கானது. 10 மெகாஹெர்ட்ஸில் மின்சாரம் செம்பின் மேற்பரப்பில் சுமார் 0.02 மில்லிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே ஓடிவிடும், தடித்த வட்டக் கம்பி போட்டும் பயனில்லை. அதனால்தான் அகலமான செம்புப் பட்டை கேட்பார்கள். பட்டையை எவ்வளவு குட்டையாகக் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு குட்டையாக, கூர்மையான மடிப்பு இல்லாமல் கொண்டுபோங்கள், இணைப்புகளை வெறும் சால்டரோடு விட்டுவிடாமல் பிரேஸிங் செய்யுங்கள். போல்ட் போட்ட இணைப்புகளில் கை உணர்வை நம்ப வேண்டாம், டார்க் ரெஞ்ச் வைத்து மேனுவலில் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். உயர் அலைவரிசை மின்சாரம் ஓடும் இடத்தில் ஒரு போல்ட் தளர்ந்திருந்தால் அங்கே சூடேறி, ஆர்க் அடித்து, பாகமே கருகிவிடும். வெள்ளி முலாம் பூசிய தொடுமுனைகளை உப்புத்தாள் கொண்டு தேய்க்கவே கூடாது.

இனி ஆபத்து விஷயம், இதை நிதானமாகப் படியுங்கள். வால்வு (வெற்றிடக் குழாய்) வைத்த பெரிய டிரான்ஸ்மிட்டரின் உள்ளே 10,000 வோல்ட்டுக்கும் மேலே டிசி இருக்கும். மெயின் பிரேக்கரை இறக்கிப் பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் பையில் வைத்துக்கொண்ட பிறகும், மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் கப்பாசிட்டர்கள் ஆளைக் கொல்லக்கூடியவை. ஒருமுறை ஷார்ட் செய்து எடுத்துவிட்டால் போதாது, பெரிய கப்பாசிட்டரில் சற்று நேரத்தில் வோல்ட்டேஜ் தானாகவே மீண்டும் ஏறும். ஆகவே எர்த்தோடு இணைத்த குச்சியை மாட்டியபடியே விட்டுத்தான் கை வைக்க வேண்டும். கதவைத் திறந்ததும் இன்டர்லாக் எல்லாவற்றையும் அணைத்துவிடும் என்பார்கள், அணைக்கும்தான், ஆனாலும் உயிரை அதை நம்பி ஒப்படைக்காதீர்கள். தனியாக வேலை செய்ய வேண்டாம், மோதிரம் கடிகாரம் போட வேண்டாம். உங்கள் குழுவில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால் கிளம்பும் முன்பே நிலையத்துக்குச் சொல்லிவிட வேண்டும்.

பழையதைக் கழற்றும்போது வேறு வகை அபாயங்கள் உண்டு. பழைய கப்பாசிட்டர், டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் பிசிபி என்ற நச்சுப்பொருள் இருக்கலாம், கசிவதைக் கண்டால் தொடாமல் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். சில பாகங்களின் வெள்ளைப் பீங்கான் பெரிலியம் ஆக்ஸைடாக இருக்கும், உடைந்தால் அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு. இன்னொன்று, நிலையத்தில் வேறு டிரான்ஸ்மிட்டர் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கலாம். ஓடும் ஆண்டெனாவுக்குப் பக்கத்தில் கிரேன் கொக்கி, நீளமான கம்பி எதுவானாலும் தொட்டால் சுடும். தினமும் காலையில் அன்றைய ஒலிபரப்பு அட்டவணையைக் கேட்டுவிட்டு வெளியே இறங்குங்கள்.

தண்ணீரால் குளிர்விக்கும் மாடல் என்றால் அந்தத் தண்ணீர் வால்வின் உயர் வோல்ட்டேஜ் ஆனோடைத் தொட்டபடி ஓடக்கூடும். குழாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டால் அதன் வழியே மின்சாரம் கசியும், ஆகவே அயனி நீக்கிய தண்ணீர்தான். குழாயும் மேனுவலில் சொன்ன உலோகத்தில்தான், ஜிஐ பைப் துண்டு ஒன்றுகூட நடுவில் வரக் கூடாது.

நிலையம் உயரமான மலைப்பகுதியில் இருந்தால் ஒரு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். 1931 கிறிஸ்துமஸ் அன்று ஈக்வடாரின் கிட்டோ நகரில் தொடங்கிய ஹெச்சிஜேபி மிஷனரி வானொலி, கடல்மட்டத்துக்கு சுமார் 2,850 மீட்டர் மேலே இருந்தது. காற்று அடர்த்தி குறைவு, அதனால் ஆண்டெனா முனைகளில் கொரோனா என்ற மின்கசிவுப் பொறி கிளம்பி உலோகமே உருகிப்போனது. அங்கே இருந்த கிளாரன்ஸ் மூர் என்ற என்ஜினீயர் அதற்காகவே முனையில்லாத சதுர வளைய ஆண்டெனாவை உருவாக்கினார், இன்றைக்கு அமெச்சூர் ரேடியோக்காரர்கள் கியூபிகல் குவாட் என்று பயன்படுத்துவது அதுதான். அந்த உயரத்தில் மின் இடைவெளிகள் கூடுதலாக வேண்டும், காற்றும் குளிர்விக்கத் திணறும்.

எல்லாம் முடிந்ததும் உடனே நிகழ்ச்சியை விட்டுவிடலாம் என்று ஆசை வரும், ஜெபித்துக் காத்திருந்த குழுவுக்கு வராமல் இருக்குமா? ஆனாலும் இந்த வரிசையில்தான் சோதிக்க வேண்டும்: விசிறி, தண்ணீர் ஓட்டம், ஒவ்வொரு இன்டர்லாக், வால்வின் ஃபிலமென்ட், பிறகு குறைந்த பவரில் டம்மி லோடு (ஆண்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிக்கொள்ளும் சோதனைச் சுமை), முழுப் பவரில் டம்மி லோடு, கடைசியில்தான் ஆண்டெனா. அலைவரிசையும் நினைத்தபடி எடுக்க முடியாது. மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு என ஆண்டுக்கு இருமுறை சிற்றலை அட்டவணைகள் மாறும், அந்தப் பருவத்துக்குப் பதிவு செய்து உரிமம் பெற்றதில்தான் போக வேண்டும்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. நீங்கள் சில வாரத்தில் திரும்பிவிடுவீர்கள், அந்த இயந்திரத்தோடு இருபது வருடம் வாழப்போவது அங்கேயே தங்கும் ஒன்றிரண்டு பேர். நடு இரவில் ஒலிபரப்பு நின்றால், இணையம் இல்லாத, அல்லது முடக்கப்பட்ட ஊரில் ரேடியோவைத் திருகிக்கொண்டிருக்கும் நேயருக்கு அந்த நிலையமே காணாமல் போய்விடும். அப்போது டார்ச் பிடித்துக்கொண்டு பழுது தேடுகிறவருக்கு நீங்கள் போட்ட கேபிள் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். அதனால் பழையதைக் கழற்றும் முன் ஒவ்வொரு இணைப்பையும் படம் எடுங்கள், புதிய கேபிளின் இரு முனையிலும் அழியாத லேபிள் ஒட்டுங்கள், வரைபடத்தில் இருப்பதிலிருந்து ஒரு டெர்மினல் மாறினாலும் அன்றே சிவப்புப் பேனாவால் திருத்துங்கள். உள்ளூர் ஆட்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முடிந்தால் அவர்கள் கையாலேயே வேலையைச் செய்யவிடுங்கள். நேரம் கூடுதலாகும், ஆகட்டும்.

அப்புறம், இன்ஸ்டலேஷன் மேனுவலை இப்போதே அனுப்பச் சொல்லுங்கள். மெயின்ஸ், எர்த்திங், குளிரூட்டல் பகுதிகளைப் படித்துவிட்டு, புரியாததை எழுதி வைத்து, போன முதல் நாளே தலைமை என்ஜினீயரிடம் கேட்டுவிடுங்கள்.