டிஃபால்ட் மாறும்போது உங்கள் சர்வர்: சிஸ்டம்டி கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் சார். 4 ஜிபி மெமரி உள்ள சர்வரை டெபியன் லினக்ஸ் 12-இலிருந்து 13-க்கு மாற்றினோம். அன்றிரவே பேக்கப் ஸ்கிரிப்ட் 'இடமில்லை' என்று நின்றுவிட்டது. டிஸ்கில் 200 ஜிபி காலியாகக் கிடக்கிறது. என்ன காரணம்?

பதில்: வணக்கம். ஸ்கிரிப்டின் தற்காலிகக் கோப்பு /டிஎம்பி-க்குப் போகிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் /டிஎம்பி டிஸ்கில் இல்லை. டிஎம்பிஎஃப்எஸ் (மெமரியிலேயே இயங்கும் கோப்பு அமைப்பு) ஆக மெமரியில் மவுண்ட் ஆகிறது, அதாவது அந்த இடத்தில் இணைகிறது. மொத்த மெமரியில் பாதிதான் அதன் உச்சவரம்பு. உங்களுக்கு அது 2 ஜிபி. பேக்கப் அதைத் தொட்டதும் நின்றுவிட்டது. 'டிஎஃப் -ஹெச் /டிஎம்பி' கொடுத்தால் கண்ணால் பார்த்துவிடலாம்.

ஸ்கிரிப்டில் டிஎம்பிடிர் மாறியை /வார்/டிஎம்பி என்று வையுங்கள். பெரிய தற்காலிகக் கோப்புகளுக்கு உரிய இடம் அதுதான். ஸ்கிரிப்டைத் தொட முடியாதென்றால், லினக்ஸில் சர்வீஸ்களையும் மவுண்டுகளையும் நிர்வகிக்கும் சிஸ்டம்டி-யின் கட்டளையான 'சிஸ்டம்சிடிஎல் மாஸ்க் டிஎம்பி.மவுண்ட்' கொடுத்து ரீபூட் செய்யுங்கள். /டிஎம்பி பழையபடி டிஸ்குக்கே போய்விடும். வரம்பைக் கூட்டவும் வழி உண்டு, ஆனால் 4 ஜிபி மெஷினில் வேண்டாம். அங்கே எழுதும் ஒவ்வொரு மெகாபைட்டும் உங்கள் டேட்டாபேஸிடமிருந்து பிடுங்கியதாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. அப்கிரேடுக்கு முன் டிஸ்கின் /டிஎம்பி-யில் கிடந்தவை அழியவில்லை, புது மவுண்டுக்கு அடியில் மறைந்து இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன. 'மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி' கொடுத்து, /எம்என்டி/டிஎம்பி-க்குள் பார்த்துத் துடைத்துவிட்டு, /எம்என்டி-யை யுமவுண்ட் செய்யுங்கள்.

கேள்வி: பத்து நாளில் /டிஎம்பி-யில் உள்ள கோப்புகளை சிஸ்டமே அழித்துவிடும் என்கிறார்களே?

பதில்: புதிதாக நிறுவிய டெபியன் 13-இல் அப்படித்தான்: /டிஎம்பி-யில் 10 நாள், /வார்/டிஎம்பி-யில் 30 நாள். அப்கிரேடு செய்த மெஷினில் அந்தத் துப்புரவு நடக்காது. பழைய நடத்தையைக் காப்பாற்ற /எட்சி/டிஎம்பிஃபைல்ஸ்.டி/ அடியில் ஒரு கோப்பை அப்கிரேடே எழுதி வைத்துவிடுகிறது.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் இப்படி டிஃபால்ட்டை மாற்றுவது நியாயமா அண்ணா? எங்கள் குழுவில் இதே சண்டைதான்.

பதில்: மாற்றம் நல்லதா என்பதும், அது ஓடும் மெஷினுக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதும் தனித்தனிக் கேள்விகள். சண்டைகளில் பெரும்பாலும் இரண்டும் குழம்பிவிடுகின்றன. மேலே சொன்ன துப்புரவையே பாருங்கள்: புது மெஷினுக்குப் புது விதி, பழைய மெஷினுக்குப் பழைய விதி. இதை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். டிஎம்பிஎஃப்எஸ் மாற்றம் மட்டும் அப்கிரேடு செய்தவர்களையும் தொட்டது. வெளியீட்டுக் குறிப்பைப் படிக்காதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

2016-இல் சிஸ்டம்டி 230 வந்தபோது 'கில்யூசர்ப்ராசஸஸ்=' டிஃபால்ட்டாக 'யெஸ்' ஆனது. லாக்அவுட் செய்தால் அந்தப் பயனரின் எல்லா ப்ராசஸும் சாக வேண்டும் என்பது எண்ணம். பலர் பயன்படுத்தும் கூடங்களில் விட்டுப்போன ப்ராசஸ்கள் மெமரியைத் தின்பது உண்மையான தொல்லைதான். ஆனால் டிமக்ஸ், ஸ்கிரீன், நோஹப் மூன்றையும் மனிதர்கள் பயன்படுத்துவதே லாக்அவுட்டுக்குப் பிறகும் வேலை ஓடத்தான். டெபியன் தன் பேக்கேஜில் அதை மீண்டும் 'நோ' ஆக்கியது. அது சரியான முடிவு. உங்கள் கூடத்துக்கு 'யெஸ்' தேவையென்றால் லாகின்டி.கான்ஃப்-இல் நீங்களே எழுதுங்கள். விதிவிலக்கு வேண்டிய பயனருக்கு 'லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர்' கொடுத்து, அவர் வேலையை 'சிஸ்டம்டி-ரன் --யூசர் --ஸ்கோப்' வழியாக ஓட்டச் சொல்லுங்கள். லிங்கர் (லாக்அவுட்டுக்குப் பிறகும் அவர் பெயரில் சர்வீஸ்கள் ஓட அனுமதி) மட்டும் போதாது.

ஃபெடோரா லினக்ஸ் 38-இல் நடந்ததும் இதே ரகம். ஷட்டவுனில் ஒரு சர்வீஸ் நிற்க மறுத்தால் 90 விநாடி காத்திருக்க வேண்டியிருந்தது. 15 ஆக்கலாம் என்று முன்மொழிந்து, விவாதித்து, 45-இல் முடித்தார்கள். லேப்டாப்காரருக்கு 45-உம் அதிகம். பெரிய டேட்டாபேஸ் வைத்திருப்பவருக்கு 90-உம் போதாது. ஒரே எண் இருவருக்கும் பொருந்தாது. ஆகவே உங்கள் டேட்டாபேஸ் யூனிட்டில் (ஒரு சர்வீஸ் எப்படி ஓடவேண்டும் என்று சிஸ்டம்டி-க்குச் சொல்லும் கோப்பு) 'டைம்அவுட்ஸ்டாப்செக்=300' என்று எழுதிவிடுங்கள். யூனிட்டில் எழுதியதுதான் செல்லும். பொது டிஃபால்ட் எதுவானாலும் அதைத் தொடாது.

கேள்வி: உபுண்டு 24.04. எஸ்எஸ்ஹெச்டி (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் சர்வீஸ்) கான்ஃபிக்கில் போர்ட்டை 2222 ஆக்கி, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தேன். இன்னும் 22-இல்தான் கேட்கிறது.

பதில்: 22.10 முதல் உபுண்டுவில் போர்ட்டைப் பிடித்து வைத்திருப்பது எஸ்எஸ்ஹெச்.சாக்கெட் யூனிட். சர்வீஸை எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் அது அசையாது. 24.04-இல் உங்கள் கான்ஃபிக்கை ஒரு ஜெனரேட்டர் படித்து சாக்கெட்டுக்குச் சொல்கிறது. அது ஓடுவது பூட் ஆகும்போதும் டீமன்-ரீலோட் நேரத்திலும் மட்டும். எனவே முதலில் ஃபயர்வாலில் 2222-ஐத் திறங்கள். பிறகு 'சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்', அடுத்து 'சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் எஸ்எஸ்ஹெச்.சாக்கெட்'. இப்போதுள்ள இணைப்பை மூடாமல், வேறொரு விண்டோவில் புது போர்ட்டில் நுழைந்து பார்த்த பிறகே வெளியேறுங்கள்.

கேள்வி: /யூஎஸ்ஆர்/லிப் அடியிலுள்ள யூனிட் கோப்பைத் திருத்தினேன். அப்டேட் வந்ததும் போய்விட்டது.

பதில்: அது பேக்கேஜின் இடம், ஒவ்வொரு அப்டேட்டும் மேலெழுதும். உங்கள் இடம் /எட்சி/சிஸ்டம்டி/சிஸ்டம்/. 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' என்று யூனிட் பெயருடன் கொடுத்தால் ஓவர்ரைடு.கான்ஃப் திறக்கும். மாற வேண்டிய வரிகளை மட்டும் எழுதுங்கள். 'எக்ஸெக்ஸ்டார்ட்=' மாற்றுவதானால் முதலில் அதை வெறுமையாக ஒரு வரி, அடுத்த வரியில் புதுக் கட்டளை. வெறும் வரியை விட்டால் பழையதும் புதியதுமாக இரண்டாகி, யூனிட்டையே ஏற்க மறுக்கும். பைப், && போன்றவை அந்த வரியில் வேலை செய்யாது, அங்கே ஷெல் கிடையாது.

'எடிட் --ஃபுல்' முழுக் கோப்பையும் நகலெடுத்துவிடும். பின்னாளில் பேக்கேஜில் வரும் திருத்தங்கள் உங்களுக்கு வந்து சேரா. தவிர்ப்பது நல்லது. யார் எதை மாற்றினார்கள் என்று பார்க்க 'சிஸ்டம்டி-டெல்டா'. பழைய நிலைக்குத் திரும்ப 'சிஸ்டம்சிடிஎல் ரிவர்ட்'.

கேள்வி: 'ரீஸ்டார்ட்=ஆல்வேஸ்' போட்டும் சர்வீஸ் கொஞ்ச நேரத்தில் செத்துக் கிடக்கிறது.

பதில்: 10 விநாடிக்குள் 5 முறைக்கு மேல் தொடங்கக் கூடாது என்பது டிஃபால்ட் வரம்பு. இரு முயற்சிகளுக்கு இடையே உள்ள டிஃபால்ட் இடைவெளியோ வெறும் 100 மில்லி விநாடி. தொடங்கியதும் விழும் சர்வீஸ் ஒரு விநாடிக்குள்ளேயே வரம்பைத் தீர்த்துவிடும். 'ரீஸ்டார்ட்செக்=5' போடுங்கள். போட்டால் எதிர்ச்சிக்கல் வரும்: 10 விநாடியில் 5 முறை என்பதை இனி எட்டவே முடியாது, உடைந்த சர்வீஸ் நாள் முழுக்க எழுந்து எழுந்து விழும். 'ஸ்டார்ட்லிமிட்இன்டர்வல்செக்=300', 'ஸ்டார்ட்லிமிட்பர்ஸ்ட்=10' என்று சேர்த்து வையுங்கள். இவ்விரண்டும் யூனிட் பகுதியில் வரவேண்டும். சர்வீஸ் பகுதியில் அல்ல. ஏற்கெனவே வரம்பில் சிக்கியதை 'ரீசெட்-ஃபெயில்ட்' விடுவிக்கும்.

கேள்வி: பழைய இனிட்.டி ஸ்கிரிப்ட் (சிஸ்டம்டி-க்கு முந்தைய முறையில் சர்வீஸைத் தொடங்குவது) இன்னும் ஓடுகிறது. மாற்றியே ஆகவேண்டுமா?

பதில்: ஆம், இப்போதே. 2023-இல் வந்த சிஸ்டம்டி 254 பதிப்பிலேயே அந்த ஆதரவு விலக்கப்படும் என்று அறிவித்துவிட்டார்கள். உங்கள் நிரலை டீமனாகப் பின்னணிக்குப் போகவிடாமல் முன்னணியில் ஓடச் செய்யுங்கள்; 'டைப்=எக்ஸெக்' போதும், பிஐடி கோப்பே (ப்ராசஸ் எண்ணைக் குறித்து வைக்கும் கோப்பு) தேவையில்லை. முன்னணியில் ஓடவே ஓடாத பழைய நிரலுக்கு மட்டும் 'டைப்=ஃபோர்கிங்', கூடவே 'பிஐடிஃபைல்='. எழுதிய யூனிட்டை 'சிஸ்டம்டி-அனலைஸ் வெரிஃபை' வைத்துச் சோதியுங்கள். 203 என்ற பிழை வந்தால் பெரும்பாலும் கோப்புக்கு இயக்க அனுமதி இல்லை, அல்லது விண்டோஸில் எழுதிய வரிமுடிவு முதல் வரியில் ஒட்டியிருக்கிறது.

கேள்வி: நெட்வொர்க் வருவதற்கு முன்பே சர்வீஸ் தொடங்கிவிடுகிறது. 'ஆஃப்டர்=நெட்வொர்க்.டார்கெட்' போட்டிருக்கிறேன்.

பதில்: நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட் வேண்டும், அதுவும் 'வாண்ட்ஸ்=', 'ஆஃப்டர்=' இரண்டிலும். முதலாவது அதை இழுத்து வரும், இரண்டாவது வரிசைப்படுத்தும்.

கேள்வி: வெளி ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு ரீபூட் செய்தேன். சர்வர் எமர்ஜென்சி மோடில் நிற்கிறது, ரூட் கணக்கு பூட்டியிருப்பதாகச் சொல்லி உள்ளேயும் விட மறுக்கிறது.

பதில்: எஃப்எஸ்டேபில் (எந்த டிஸ்க் எங்கே மவுண்ட் ஆகவேண்டும் என்ற பட்டியல்) உள்ள டிஸ்குக்காக 90 விநாடி காத்துப் பார்த்துவிட்டு, பூட்டையே நிறுத்திவிட்டது. லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து, ரூட் பார்ட்டிஷனை மவுண்ட் செய்து, எஃப்எஸ்டேபில் அந்த டிஸ்கின் வரியில் நான்காம் நெடுவரிசையில் 'நோஃபெயில்,எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட்=10எஸ்' என்று சேர்த்துவிட்டு ரீபூட் செய்யுங்கள். பேக்கப் ஸ்கிரிப்டில் டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று 'மவுண்ட்பாயிண்ட் -க்யூ' கொண்டு சோதிக்கும் வரி கட்டாயம். இல்லாவிட்டால் டிஸ்க் இல்லாத நாளில் பேக்கப் முழுவதும் ரூட் பார்ட்டிஷனில் கொட்டி அதை நிரப்பிவிடும்.