பச்சை அன்னபேதி ஏன் பழுப்பாகிறது?

கேள்வி: யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் செம்மண் தோட்டத்தில் கச்சான் (நிலக்கடலை) போட்டிருக்கிறேன். குருத்திலைகள், நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, இடையில் மஞ்சளாக வெளிறுகின்றன. சென்ற போகம் வாங்கிய அன்னபேதி (இரும்புச் சல்பேற்று) பையிலேயே பழுத்துப் பழுப்பாகிவிட்டது, அதை விசிறலாமா? இரும்பின் வலுவளவு 2 என்றும் 3 என்றும் மகனின் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஒரு மூலகத்துக்கு எப்படி இரண்டு?

பதில்: இரண்டு கேள்விகளுக்கும் விடை அந்தப் பைக்குள்ளேயே இருக்கிறது. கட்டியொன்றை உடைத்துப் பாருங்கள். மேற்புறம் துருநிறமாகவும் நடு இன்னும் இளம்பச்சையாகவும் இருக்கும். நடுவில் உள்ளது வலுவளவு 2 உடைய இரும்பு. மேலே உள்ளது ஈரக்காற்றின் ஒட்சிசன் பட்டு 3 ஆகிவிட்டது.

இரும்பணுவின் 26 இலத்திரன்கள் 2, 8, 14, 2 என்று ஓடுகளில் அமைந்துள்ளன. வெளியோட்டின் இரண்டும் முதலில் விலகும்; இப்படி விலகும் இலத்திரன்களின் எண்ணிக்கையே இங்கு வலுவளவு. அடுத்த ஓட்டின் 14 இல் ஆறு இலத்திரன்களின் சக்தி வெளியோட்டினதற்கு மிக அண்மையாக இருப்பதால், ஒட்சிசன் போன்ற ஒன்று சேரும்போது மூன்றாவதும் கழன்றுவிடுகிறது. பின்னர் அந்த ஆறில் எஞ்சும் ஐந்தும் ஐந்து இடங்களில் தனித்தனியே அமர்வதால் அந்நிலை உறுதியாகவும் நிற்கிறது. உங்கள் தோட்டத்தின் அடியிலுள்ள சுண்ணக்கல்லின் கல்சியத்துக்கு (2, 8, 8, 2) இவ்வசதி இல்லை. இரண்டு போனதும் கீழே நிறைவான எட்டு. அதைக் கலைக்கும் அளவு சக்தி சாதாரண தாக்கங்களில் கிடைக்காதபடியால் அதன் வலுவளவு 2 தான். செம்பு இரும்பின் சாதி: செந்நிறக் குப்பிரசு ஒட்சைட்டில் 1, மயில்துத்தத்தில் (செப்புச் சல்பேற்று) 2.

செம்மண்ணின் சிவப்பே இரும்பு என்பதால் உங்கள் நிலத்தில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் அது வலுவளவு 3 உடைய ஒட்சைட்டாக, சுண்ணாம்பின் காரத்தன்மையில் கரையாமல் கிடக்கிறது. கச்சான் வேர் அதற்கு ஓர் இலத்திரனைக் கொடுத்து 2 ஆக்கியே உறிஞ்சும். நம் கிணற்று நீரில் கரைந்துள்ள இருகாபனேற்று அந்த வேலையைக் கெடுக்கிறது. மண்ணில் அன்னபேதி இட்டாலும் சில நாட்களில் அதுவும் 3 ஆகிவிடும் என்பதால், அச்செலவு வீண் என்பதே என் எண்ணம்.

ஆகவே இலையில் விசிறுங்கள்; பழுப்பானதை அல்ல, புதிய பச்சை அன்னபேதியை. மழைநீர் 10 லீற்றருக்கு 50 கிராம் போதும். ஒரு தேநீர்க் கோப்பை தேசிப்புளியை முதலில் நீரில் கலந்து, பிறகு அன்னபேதியைக் கரைத்தால் அது விரைவில் பழுக்காது. அன்று மாலையே விசிறி முடித்துவிடுங்கள். பூஞ்சண நோய்க்கு விசிறும் போர்டோக் கலவையுடன் சேர்க்க வேண்டாம், அதிலுள்ள சுண்ணாம்பு இரும்பைப் படியவைத்துவிடும். முதலில் நாலு வரிசைக்கு மட்டும் விசிறி, ஒரு கிழமையில் அவற்றின் குருத்து பச்சையாகிறதா என்று பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு விசிறுங்கள்.