அம்மாவுக்கு ஏன் இரண்டாவது ஊசி?

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்கு ரத்தம் வேண்டும் என்று சாம்பிள் எடுத்து என் கையில் கொடுத்தனுப்பினார்கள். ரத்த வங்கியில் ட்யூபையும் ஃபார்மையும் பார்த்துவிட்டு, “இனிஷியல் மாறியிருக்கு, வேற சாம்பிள் எடுத்துட்டு வாங்க” என்று திருப்பிவிட்டார்கள். ட்யூபில் பார்கோடும் ஒட்டியிருந்தது. நரம்பே கிடைக்காத அம்மாவுக்கு மறுபடி ஊசி. ஒரு எழுத்தைப் பேனாவால் திருத்தியிருக்கக் கூடாதா?
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: அம்மாவின் வலி எனக்குப் புரிகிறதம்மா. ஆனால் ரத்த வங்கியில் 29 வருடம் டெக்னீஷியனாக இருந்த நானும் அந்த ட்யூபைத் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன்.

எங்கள் மேஜைக்கு அம்மா வருவதில்லை. ஊதா மூடி போட்ட ட்யூபில் கொஞ்சம் ரத்தம் வருகிறது, அவ்வளவுதான். அது யாருடையது என்று சொல்ல அந்த லேபிளை விட்டால் வேறு எதுவும் இல்லை. ட்யூபில் அப்பா பெயரின் இனிஷியல், ஃபார்மில் கணவர் பெயரின் இனிஷியல் என்றால், ஒரே ஆளா, ஒரே பெயரில் இரண்டு பேரா? உட்கார்ந்த இடத்திலிருந்து நான் பேனாவால் திருத்தினால் அது வெறும் ஊகம்.

ஓ குரூப்காரருக்கு ஏ ரத்தம் ஏறினால், கொஞ்சம் உள்ளே போனதுமே குளிர் நடுக்கம், முதுகு வலி, சிவப்பாகச் சிறுநீர் எல்லாம் வரலாம். சிறுநீரகம் கெடும், உயிரே போகலாம். அதுவும் மயக்க மருந்தில் இருக்கும் உங்கள் அம்மா “என்னமோ பண்ணுது” என்றுகூடச் சொல்ல முடியாது.

பார்கோடு நல்லதுதான். கையால் எழுதும்போதும் டைப் செய்யும்போதும் வரும் பிழையை அது ஒழிக்கிறது. ஆனால் ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணைத்தான் அது படிக்கும். பக்கத்துக் கட்டில்காரரின் ஸ்டிக்கரை உங்கள் அம்மாவின் ட்யூபில் ஒட்டினாலும் மெஷின் மறுக்காமல் ‘பீப்’ என்று ஏற்றுக்கொள்ளும். அதனால்தான் நோயாளியின் கையில் கட்டிய பட்டையைப் பார்த்து, ரத்தம் எடுத்த கையோடு, கட்டில் பக்கத்திலேயே லேபிள் ஒட்ட வேண்டும் என்கிறோம். முன்கூட்டியே ஒட்டிவைத்த காலி ட்யூபும் ஆபத்து, சிஸ்டர் மேஜைக்குக் கொண்டுபோய் ஒட்டுவதும் ஆபத்து.

ஒரு பிரசவ வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் இரண்டு லட்சுமிகள். ஒருவருடைய ட்யூப் எங்களிடம் வந்தது, லேபிளில் ஒரு குறையும் இல்லை. குரூப் பார்த்தேன், பி பாசிட்டிவ். பழைய ரிஜிஸ்டரைப் புரட்டினால், முதல் பிரசவத்தின்போது அவர் ஓ பாசிட்டிவ்! இரண்டு ட்யூபிலும் லேபிள் இடம் மாறியிருந்தது. முதல் பிரசவம் வேறு ஊரில் நடந்திருந்தால் எங்களிடம் அந்தப் பதிவே இருந்திருக்காது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பழைய பதிவு இல்லாதவருக்கு, குரூப்பை உறுதிசெய்ய வேறொரு நேரத்தில் எடுத்த இரண்டாவது சாம்பிளைப் பல ரத்த வங்கிகள் கேட்பதும் இதனால்தான்.

இனி சாம்பிள் எடுக்க வரும்போது பக்கத்தில் நில்லுங்கள். “நீங்க லட்சுமியா?” என்று கேட்டால் அரைத் தூக்கத்தில் யாரும் “ஆமா” என்றுதான் சொல்வார்கள். “உங்க பேர் என்ன?” என்று கேட்கச் சொல்லுங்கள். ட்யூபைக் கையில் வாங்கியதும் பெயர், இனிஷியல், ஐ.பி. நம்பர் (உள்நோயாளி எண்) மூன்றும் ஃபார்மோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். தப்பு இருந்தால் அம்மாவின் கையில் பஞ்சு வைத்து அழுத்தும்போதே தெரிந்துவிடும்.

கேள்வி: அப்பாவுக்குப் போன வாரம் ரத்தம் ஏற்றினார்கள். அந்தச் சாம்பிள் ஃப்ரிட்ஜில் இருக்கிறதாம். அப்புறம் எதற்குப் புதுசு?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: அது எங்கள் கணக்குக்காக வைத்திருப்பது. ஏற்றிய ரத்தத்தால் ஏதாவது கோளாறு வந்தால் எடுத்துப் பார்ப்போம். அடுத்த பைக்கு அது உதவாது. வேறொருவர் ரத்தம் ஏறியபின் அப்பாவின் உடம்பில் வேறொருவரின் ரத்த அணுக்களைத் தாக்கும் புது எதிர்பொருள் உருவாகியிருக்கலாம், பழைய ட்யூபில் அது தெரியாது. அதனால் அண்மையில் ரத்தம் ஏற்றியவர்களுக்கு 3 நாளுக்குள் எடுத்த சாம்பிளில்தான் கிராஸ்மேட்ச், அதாவது ஏற்றப்போகும் ரத்தம் அவருக்கு ஒத்துப்போகுமா என்ற சோதனை, செய்வோம். புதுச் சாம்பிளைக் கொடுத்துவிடுங்கள்.