சிறிய ஃப்ரேம் ரிவால்வரில் ஏன் 5 தோட்டாக்கள் மட்டும்?

குழல், சிலிண்டர் (தோட்டாக்களுக்கான அறைகள் உள்ள சுழலும் உருளை), விசை எல்லாவற்றையும் தாங்கும் உலோகச் சட்டம்தான் ஃப்ரேம். அது கச்சிதமாக இருந்தால் சிறிய ஃப்ரேம் ரிவால்வர். 1950-ல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 'சீஃப்ஸ் ஸ்பெஷல்' இதற்கு நல்ல உதாரணம்: .38 ஸ்பெஷல் தோட்டா, 5 அறைகள். 1957-ல் அதற்கு மாடல் 36 என்று பெயர் மாறியது.

ஒரு நாணயத்தைச் சுற்றி அதே அளவு நாணயங்கள் 6 வைக்கலாம். நடுவில் உள்ளதையும் சுற்றியுள்ளவற்றில் ஒன்றையும் எடுத்துவிட்டு மீதி 5-ஐ நெருக்கினால் வட்டம் சுருங்கும். சிலிண்டரும் அப்படியே மெலிகிறது. இன்னொரு நன்மையும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: 5 அறை சிலிண்டரில் அதை நிறுத்திப் பிடிக்கும் பள்ளம் இரு அறைகளுக்கு நடுவே, தடித்த உலோகத்தில் விழுகிறது. 6 அறை என்றால் பெரும்பாலும் அது அறையின் மெல்லிய சுவர் மேலேயே வரும்.

சேகரிப்பவர்கள் முதலில் அறைகள் காலியா என்று பார்க்க வேண்டும். பிறகு கைப்பிடியின் அடியிலும் சிலிண்டரிலும் உள்ள வரிசை எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கலாம். மணிக்கட்டை உதறி சிலிண்டரை மூடவே கூடாது. சிலிண்டரைத் தாங்கும் உலோகக் கை வளைந்து, அறையும் குழலும் நேர்கோட்டில் நிற்காமல் போகும். நிக்கல் பூச்சுள்ளவற்றில் அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவம் வேண்டாம். பூச்சுக்கு அடியில் செம்பு இருந்தால் அதை அரித்து, பூச்சு உரிந்துவிடும்.

சிறியது என்பதால் உதைப்பும் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். அதே தோட்டாவுக்கு எடை குறைந்த ரிவால்வர்தான் கையைப் பலமாக உதைக்கும்.